கடலில் வீசிய உடலுக்குச் சாட்சி யார்? (ராணுவ ஆட்சி, ரகசியப் போலீஸ், காணாமல் ஆக்கப்பட்டவர்கள்)

காட்பாடி_ஜங்ஷன்:
எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் அர்ஜென்டினா, சிலி ராணுவ ஆட்சிகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஓரிடத்தில் முட்டி நிற்கிறேன். 1976 மார்ச் 24-ல் அர்ஜென்டினாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பிடித்த ஆட்களுக்கு மயக்க ஊசி போட்டு, ஆடையைக் கழற்றி, விமானத்தில் ஏற்றிக் கடலில் தள்ளினார்கள். பிணம் இல்லை. கண்ணால் பார்த்தவர்கள் எல்லாரும் தள்ளியவர்கள்தான். அப்படியிருக்க 2017-ல் விமானிகளுக்கு ஆயுள் தண்டனை எப்படி நின்றது? நம்மூரில் 'பிணம் கிடைக்கலேன்னா கேஸே இல்லை' என்றுதானே பேச்சு?

கருப்பு_அங்கி:
அந்தப் பேச்சு தப்பு. கொலையை நிரூபிக்க உடல் கட்டாயம் என்று நம் சட்டத்திலேயே இல்லை. சந்தர்ப்ப சாட்சியம் சங்கிலி அறாமல் இருந்தால் போதும். உடல் இல்லையென்றால் சங்கிலியின் மற்ற வளையங்கள் இரட்டிப்பு உறுதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அர்ஜென்டினா வழக்கில் அந்த வளையங்கள் என்னென்ன என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சட்டப் பக்கத்துக்குப் பிறகு வருகிறேன்.

பாலாறு_ஆவணம்:
சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

புவெனஸ் ஐரிஸில் எஸ்மா என்ற கடற்படை இயந்திரவியல் பள்ளி. சுமார் 5,000 பேர் அதற்குள் போனார்கள், உயிரோடு வந்தவர்கள் சொற்பம். 1977 டிசம்பர் 8 முதல் 10 வரை, சாண்டா குரூஸ் தேவாலயத்தில் கூடி வந்த குழுவிலிருந்து 12 பேரைத் தூக்கினார்கள். காணாமல் போனவர்களின் தாய்மார் இயக்கத்தைத் தொடங்கிய அசுசேனா விலாஃப்ளோரும் இரண்டு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகளும் அதில் அடக்கம். ஆள்காட்டியவன் கடற்படை அதிகாரி அஸ்டிஸ். தன் சகோதரன் காணாமல் போய்விட்டான் என்று சொல்லிக்கொண்டு பொய்ப் பெயரில் கூட்டங்களுக்கு வந்து உட்கார்ந்திருந்தான்.

டிசம்பர் 14 இரவு விமானம் போனது. கடல் கொண்டுபோய்விடும் என்பது கணக்கு. தென்கிழக்குக் காற்றும் நீரோட்டமும் கணக்கைக் கெடுத்தன. 20-ம் தேதியிலிருந்து சாண்டா தெரசீதா பக்கக் கடற்கரைகளில் உடல்கள் ஒதுங்கின. உள்ளூர் போலீஸ் என்ன செய்தது என்பதைக் கவனியுங்கள். பிணம் ஒதுங்கினால் என்ன செய்வார்களோ அதையே செய்தது. மருத்துவரைக் கூப்பிட்டது, அவர் 'உயரத்திலிருந்து விழுந்ததால் மரணம்' என்ற பொருளில் எழுதினார், இறப்புச் சான்று போட்டார்கள், பக்கத்து ஜெனரல் லவாயே கல்லறையில் 'என்.என்.' என்று புதைத்தார்கள். என்.என். என்றால் பெயர் தெரியாதவர். 1978-லேயே அமெரிக்கத் தூதரகம் இந்த உடல்களைப் பற்றித் தன் அரசுக்குத் தகவல் அனுப்பிவிட்டது. அது வெளிவந்தது 2002-ல்.

2004-05ல் தடய மானுடவியல் குழு, அதாவது எலும்பை வைத்து ஆளையும் சாவையும் கண்டறிகிறவர்கள், அந்தக் கல்லறையைத் தோண்டியது. மூன்று தாய்மார், கன்னியாஸ்திரிகளில் ஒருவரான லியோனி டூக்கே, இன்னொரு பெண் என ஐந்து பேரை மரபணு வைத்து அடையாளம் கண்டார்கள். எலும்பு முறிவுகள் உயரத்திலிருந்து விழுந்ததோடு பொருந்தின. 1977-ல் அந்த ஊர் மருத்துவர் கிறுக்கிவைத்த ஒரு வரியும் 2005 எலும்பும் ஒன்றையே சொன்னால் நீதிமன்றம் என்ன செய்யும்?

இன்னும் விமானம் பாக்கி. ஸ்கைவேன் என்ற ரகம், பின்பக்கம் கதவு திறக்கும் சரக்கு விமானம், எண் பி.ஏ.-51. கடலோரக் காவல் படைக்குச் சொந்தமாக இருந்து, விற்று, கைமாறி, 2010 வாக்கில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருப்பது தெரிந்தது. அதோடு பறப்புக் குறிப்பேடும் இருந்தது. 1977 டிசம்பர் 14 இரவு நகர விமான நிலையத்தில் கிளம்பி, மூன்று மணி நேரத்துக்கு மேல் பறந்து, கிளம்பிய இடத்திலேயே இறங்கியது என்ற பதிவு. பக்கத்தில் விமானிகள் பெயர்.

காட்பாடி_ஜங்ஷன்:
அந்த நோட்டை ஏன் கிழித்துப் போடவில்லை? அதுதானே முதல் வேலை?

பாலாறு_ஆவணம்:
கிழிக்க முடியாது தம்பி. பறந்த மணிக்கணக்கை வைத்துத்தான் எஞ்சினை எப்போது பிரித்துப் பார்ப்பது, எந்தப் பாகத்தை எப்போது மாற்றுவது என்பது தீர்மானமாகிறது. குறிப்பேடு இல்லாத விமானத்தை எவனும் வாங்க மாட்டான், ஆர்.சி. புக் இல்லாத லாரி மாதிரி. விற்ற அன்றே நோட்டும் சேர்ந்து போய்விட்டது. வாங்கியவனுக்கு அது வெறும் பராமரிப்புக் கணக்கு. மூன்று விமானிகளில் ஒருவர் தீர்ப்புக்கு முன் செத்துப்போனார், மற்ற இருவருக்கும் 2017 நவம்பரில் ஆயுள். விமானத்தை 2023-ல் திரும்ப அர்ஜென்டினாவுக்கே கொண்டுவந்தார்கள்.

இதற்கு முன்பே 1995-ல் ஷிலிங்கோ என்ற கடற்படை அதிகாரி இரண்டு விமானப் பயணங்களில் தான் ஆட்களைத் தள்ளியதாக வாக்குமூலம் கொடுத்தார். ஸ்பெயின் நீதிமன்றம் 2005-ல் 640 ஆண்டு விதித்தது, பிறகு 1,084 ஆக்கியது. ஆனால் என் கணிப்பில் வாக்குமூலத்தைவிட நோட்டுதான் கனம். வாக்குமூலத்தை மாற்றிச் சொல்லலாம்; ஷிலிங்கோவே விசாரணையில் பின்வாங்கினார். எழுதினது எழுதினதுதான்.

பிணவறை_மேசை:
பாலாறு சார் சொன்னதில் 2005 தோண்டல் நன்றாக நடந்தது. ஆனால் அதே நாட்டில் முதல் தோண்டல்கள் பெரிய கூத்து. அதைச் சொல்லாமல் போனால் உங்கள் பேச்சு கேட்கிறவர்களுக்கு ஏதோ மாயாஜாலம் போலத் தெரியும்.

1983 கடைசியில் ராணுவ ஆட்சி போனதும் நீதிபதிகள் ஆங்காங்கே என்.என். குழிகளைத் தோண்ட உத்தரவு போட்டார்கள். கல்லறை ஆட்கள் புல்டோசரும் மண்வெட்டியும் கொண்டு அள்ளினார்கள். நம்மூர் பாஷையில் ஜேசிபி விட்டார்கள். மண்டை ஓடு உடைந்தது, நான்கைந்து பேர் எலும்பு ஒரே குவியல், பல் சிதறிப் போனது, தோட்டா மண்ணோடு போனது. 1984-ல் அமெரிக்காவிலிருந்து தடய மானுடவியலாளர் கிளைட் ஸ்னோ வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, உடனே நிறுத்துங்கள் என்றார். அனுபவமுள்ளவர்கள் யாரும் சேர முன்வராததால் மாணவர்களை வைத்துப் பயிற்சி கொடுத்தார். அந்த மாணவர்கள்தான் பிறகு உலகம் முழுக்கப் போன அர்ஜென்டினா தடய மானுடவியல் குழு.

ஏன் ஜேசிபி கூடாது? மனித உடலில் 206 எலும்பு, அதில் ஒரு கைக்கு மட்டும் 27. விரல் எலும்பு வேர்க்கடலை அளவு. உடலுக்குள் நின்றுபோன தோட்டா, சதை மட்கினதும் விழுந்து முதுகுக்குக் கீழ் மண்ணில் கிடக்கும். அந்த மண்ணைத் தனியாக அள்ளி, தனியாகச் சலிக்க வேண்டும். இயந்திரம் வைத்தால் தோட்டா எந்த உடலுக்குச் சொந்தம் என்ற தொடர்பு அறுந்துவிடும், அப்புறம் அது வெறும் ஈயத் துண்டு.

மேல்மண்ணை எடுக்க இயந்திரம் வைக்கவே கூடாது என்பதில்லை. பல் இல்லாத தட்டை வாளியை மாட்டி, ஒரு விரற்கடை இரண்டு விரற்கடையாகச் சுரண்டி, பக்கத்தில் ஆள் நின்று மண் நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே போகலாம். தோண்டி மூடிய குழியின் மண் சுற்றியுள்ள மண்ணைவிடக் கலங்கலாகவும் தளர்வாகவும் இருக்கும். அது தெரிந்த இடத்தில் இயந்திரத்தை நிறுத்து. அதற்கப்புறம் கொத்தனார் கரண்டி, மூங்கில் குச்சி, பெயின்ட் பிரஷ். இரும்புக் கருவி எலும்பில் புதுக் கீறல் போடும், நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் காட்டுவார்.

உடல் முழுக்கத் தெரிந்த பிறகு, எதையும் தூக்குவதற்கு முன் படம், அளவுகோல், வடதிசைக் குறி. கை பின்னால் இருக்கிறதா, கட்டின கயிறு இருக்கிறதா, கண்கட்டுத் துணி மண்டையோட்டில் இருக்கிறதா என்பதெல்லாம் கிடந்த நிலையில் மட்டும்தான் தெரியும். எடுத்த எலும்பைக் காகிதப் பையில் போடு, பிளாஸ்டிக் கவரில் போடாதே. ஈர எலும்பு பிளாஸ்டிக்கில் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும், மரபணு கெடும். வெயிலில் காயவைக்காதே, வெடித்துவிடும்; நிழலில் உலர்த்து. நம்மூர் மே மாத வெயிலில் பந்தல் போடாமல் இந்த வேலையை யாரும் தொடவே கூடாது.

தோல்ஷெட்_கெமிஸ்ட்:
பிணவறை அண்ணே, ஒரு இடைச்செருகல். சுண்ணாம்பு போட்டால் பிணம் கரைந்துவிடும் என்று நாவல், சினிமா எல்லாவற்றிலும் வருகிறது. சிலியில் லோன்கேன் சுண்ணாம்புச் சூளை சம்பவமும் இருக்கிறதே. அந்த நம்பிக்கைக்கு அடிப்படையே கிடையாது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையில் தோல் வேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போடுவது எதற்கு? மயிர் கழல, மேல்தோல் விலக. பழைய முறையில் நாள்கணக்கில் ஊறும், சோடியம் சல்பைடு சேர்த்தால் ஓரிரு நாளில் மயிர் வந்துவிடும். தோல் கரைகிறதா? இல்லை, ஊதித் தடிக்கிறது. கரைந்தால் நம்ம ஜில்லாவில் தோல் தொழிலே இருந்திருக்காது.

சுண்ணாம்பின் காரத்தில் அழுகவைக்கும் கிருமி சாகும். கொழுப்போடு சேர்ந்து சோப்பு மாதிரி ஓடு கட்டிக்கொள்ளும். நாற்றம் குறையும், அதனால்தான் கொள்ளைநோய்க் காலத்தில் போட்டார்கள். நாற்றம் குறைவதைப் பார்த்து உடலே போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். எலும்பைத் தின்பது அமில மண், காரம் அல்ல. சுண்ணாம்பு போட்டவன் தடயத்தை ஊறுகாய் போட்டுவைக்கிறான்.

பாலாறு_ஆவணம்:
லோன்கேனில் அப்படியேதான் ஆனது! சிலியில் 1973 செப்டம்பர் 11-ல் பினோசே ஆட்சியைப் பிடித்த அடுத்த மாதம், அக்டோபர் 7-ம் தேதி, இஸ்லா டி மைப்போ ஊரில் 15 பேரைக் கராபினேரோ போலீஸ் பிடித்தது. பெரும்பாலும் விவசாயக் கூலிகள். ஒரே வீட்டில் அப்பாவும் நான்கு மகன்களும். ஐந்து வருஷம் குடும்பங்களுக்கு நேரான பதிலே கிடைக்கவில்லை. 1978 நவம்பரில் ஒருவர் தேவாலயத்தில் துப்புச் சொல்ல, கைவிடப்பட்ட சூளைக்குள் 15 பேரும் கிடைத்தார்கள். உடனே போலீஸ் கதையை மாற்றியது: இரவில் கூட்டிப் போகும்போது மறைந்திருந்தவர்கள் சுட்டார்கள், கைதிகள் குண்டு பாய்ந்து இறந்தார்கள். எலும்பில் குண்டுக் காயம் இல்லை. விசாரித்த நீதிபதி அந்தக் கதையை ஏற்கவில்லை. ஆனால் மன்னிப்புச் சட்டம் இருந்ததால் ராணுவ நீதிமன்றம் வழக்கை மூடியது. 1980-ல் சூளையையே வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் மோசம். லோன்கேன் போல இன்னொன்று வெளியே வரக்கூடாது என்று, புதைத்த உடல்களைத் தோண்டி எடுத்து வேறு வழியில் ஒழிக்க ரகசிய உத்தரவு. அதற்கு வைத்த சங்கேதப் பெயர் 'டிவி பெட்டிகளை எடுத்தல்'.

பிணவறை_மேசை:
அதிலும் தோற்றார்கள். வடக்கே பாலைவனத்தில் கலாமா ஊர். 1973 அக்டோபர் 19-ல் அங்கே 26 பேரைக் கொன்று மணலில் புதைத்தார்கள். மனைவிமாரும் அம்மாமாரும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் அந்தப் பாலையைத் தோண்டினார்கள். 1990-ல் குழி கிடைத்தது, உடல்கள் இல்லை. ஏற்கெனவே இயந்திரம் வைத்து அள்ளிப் போயிருந்தார்கள். ஆனால் இயந்திர வாளி பெரிய எலும்பை அள்ளும்போது சின்னதைச் சிந்தும். விரல் எலும்பு, பல், கால் துண்டு, துணிக் கிழிசல் எல்லாம் மணலில் மிச்சம். அந்தச் சிறு துண்டுகளை வைத்தே அடையாளம் காண வேண்டியிருந்தது. ஒரு குழியில் சின்ன எலும்புகள் மட்டும் இருந்து தொடை, மண்டை, இடுப்பு இல்லையென்றால் இது யாரோ திரும்பி வந்து அள்ளிய குழி என்று பொருள். அந்த இல்லாமையே ஒரு தடயம்.

ஏலகிரி_மேகம்:
எல்லாம் சரி தோழர்களே. அட்லாண்டிக் கடல் வரைக்கும் போகிறோம், திருப்பத்தூருக்குப் போக மாட்டோமா? 1980 ஆகஸ்ட் 6-ல் திருப்பத்தூரில் பிடிபட்ட நக்சலைட்டுகளைக் காரில் கொண்டுபோகும்போது குண்டு வெடித்து ஆய்வாளர் பழனிசாமியும் காவலர்களும் இறந்தார்கள். அதற்கடுத்து வட ஆற்காடு, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் மாதக்கணக்கில் 'மோதல்' செய்தி. தருமபுரி பாலன் பிடிபட்டு, சென்னை மருத்துவமனையில் செத்தது அந்த செப்டம்பரில்தான். நம்ம மாவட்டத்துக்கே ஒரு ரகசியப் போலீஸ் வரலாறு இருக்கும்போது...

கருப்பு_அங்கி:
போகலாம், ஆனால் இரண்டையும் ஒரே சாக்கில் கட்டாதீர்கள். அப்போது சென்னையில் இருந்தது தேர்தலில் வென்ற அரசு. நீதிமன்றம் திறந்திருந்தது, பத்திரிகை வந்தது. உண்மை அறியும் குழுக்கள் வந்து திட்டு வாங்கியும் அடி வாங்கியும் அறிக்கை எழுதிவிட்டுப் போக முடிந்தது. எஸ்மா வாசலில் அது நடக்காது.

விசாரிக்கிறவருக்கு இன்னொரு வித்தியாசம் முக்கியம். அர்ஜென்டினாவில் உடலை மறைத்தார்கள். இங்கே உடலைக் காட்டினார்கள். 'மோதலில் பலி' என்று செய்தி வந்தால் அதன் பின்னால் கட்டாயம் ஒரு முதல் தகவல் அறிக்கை, பிரேத விசாரணை அறிக்கை, பிணப் பரிசோதனை அறிக்கை, தோட்டாக் கணக்கு, துப்பாக்கி வழங்கல் பதிவேடு, ஜீப்பின் ட்ரிப் ஷீட் இருக்கும். மறைத்த இடத்தில் கல்லறைப் பதிவேட்டைத் தேட வேண்டும். காட்டின இடத்தில் இந்தக் காகிதங்களை ஒன்றோடொன்று மோதவிட வேண்டும். 'இரவு இரண்டு மணிக்குச் சுட்டோம்' என்று எஃப்.ஐ.ஆர். சொல்லும், ட்ரிப் ஷீட்டில் ஜீப் இரண்டு மணிக்கு வேறு ஊரில் நிற்கும். பொய் அந்தச் சந்தில்தான் மாட்டும்.

ஏலகிரி_மேகம்:
காட்டினாலும் மறைத்தாலும் செத்தவனுக்கு ஒன்றுதான். ஆனால் விசாரணைக்கு வழி வேறு என்பதை ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் கேரளத்து மாணவர் ராஜன் எந்தப் பக்கம்? அங்கே உடலே கிடைக்கவில்லையே.

கருப்பு_அங்கி:
அது மறைத்த வகை. நெருக்கடி நிலைக் காலம். 1976 மார்ச் 1-ல் கோழிக்கோடு பொறியியல் கல்லூரி விடுதியிலிருந்து தூக்கிக் கக்கயம் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பெஞ்சில் படுக்கவைத்துத் தொடைமேல் உலக்கையை அழுத்தி உருட்டுவது அந்த முகாமின் முறை. மலையாளத்திலும் 'உருட்டல்' என்றே பெயர். உடல் இன்றுவரை இல்லை. நெருக்கடி முடிந்ததும் அப்பா ஈச்சர வாரியர் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். 'பிடிக்கவே இல்லை' என்ற அரசின் பதிலைக் கூடப் படித்த மாணவர்கள், கல்லூரி ஆட்களின் சாட்சி உடைத்தது. முதல்வர் கருணாகரன் 1977 ஏப்ரலில் பதவி விலகினார்.

அதே கேரளத்தில் காட்டின வகையும் உண்டு. 1970 பிப்ரவரி 18-ல் திருநெல்லிக் காட்டில் நக்சலைட் தலைவர் வர்கீஸ் 'மோதலில்' இறந்தார் என்பது அரசு கணக்கு. 1998-ல் சுட்ட கான்ஸ்டபிள் ராமச்சந்திரன் நாயரே 'கையில் பிடிபட்டவனை மேலதிகாரி உத்தரவின்பேரில் சுட்டேன்' என்று சொன்னார். 2010-ல் ஓய்வுபெற்ற ஐ.ஜி. ஒருவருக்கு ஆயுள் தண்டனை. 40 வருஷம்.

மட்டுறுத்துநர்:
ஒரு பதிவு நீக்கப்பட்டது. 1980 சம்பவங்களில் இன்று உயிரோடிருக்கும் தனி ஆட்களின் பெயர், ஊர், குடும்பம் எழுத வேண்டாம்.

தொரப்பாடி_வாசி:
சட்டம் தெரிந்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சிலியில் மன்னிப்புச் சட்டம் இருந்தும் பிறகு எப்படி அதிகாரிகளை உள்ளே தள்ளினார்கள்? லோன்கேனில் தப்பித்தார்கள் என்றீர்களே.

கருப்பு_அங்கி:
இந்த இழையிலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். 1978-ல் பினோசே போட்ட மன்னிப்பு ஆணை, 1973 செப்டம்பர் 11 முதல் 1978 மார்ச் 10 வரை நடந்த குற்றங்களுக்கு. கொலை என்றால் அது நடந்த நாள் ஒன்று உண்டு; அந்த நாள் இந்தக் காலத்துக்குள் வந்தால் மன்னிப்பு. ஆள்கடத்தல் அப்படியில்லை, அடைபட்டவர் வெளியே வரும்வரை தொடரும் குற்றம். உடல் கிடைக்கவில்லையென்றால் கொலை நிரூபணமாகவில்லை, கடத்தல் மட்டும் நிரூபணம். அந்தக் கடத்தல் 1978 மார்ச்சோடு முடிந்தது என்று யார் சொல்வது? முடிந்தது என்றால் எங்கே விட்டீர்கள், இல்லை எங்கே கொன்றீர்கள், சொல்லுங்கள். சொன்னால் கொலை ஒப்புதல், சொல்லாவிட்டால் தொடரும் கடத்தல். இந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் 2004-ல் ஏற்றது. ரகசியப் போலீஸ் தினாவின் தலைவர் மனுவேல் கொன்ட்ரேராஸ் அந்த வழக்கிலும் மாட்டினார். லோன்கேனில் உடல் கிடைத்ததால் குற்றவாளிகள் அப்போதைக்குத் தப்பினார்கள். மற்ற இடங்களில் உடலை மறைத்ததாலேயே மாட்டினார்கள்.

நம் சட்டத்தில் ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம். பழைய சாட்சியச் சட்டம் 108, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியம் 111. சொத்து, பென்ஷன், மறுமணத்துக்கு உதவும். ஆனால் இதற்காகவே அரசு இறப்புச் சான்றை நீட்டினால் பல குடும்பங்கள் வாங்க மறுப்பார்கள். அர்ஜென்டினாத் தாய்மாரில் ஒரு பகுதியினர் அப்படித்தான் மறுத்தார்கள். 1994-ல் அங்கே தனிச் சட்டம் போட்டு 'வலுக்கட்டாயமாகக் காணாமல் ஆக்கப்பட்டதால் இல்லாதவர்' என்று ஒரு நிலையை உண்டாக்கினார்கள். சொத்துக் காரியம் நடக்கும், 'செத்துவிட்டார்' என்று கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

காட்பாடி_ஜங்ஷன்:
இதைக் கேட்டால் மரபணு வந்த பிறகு எல்லாம் சுலபம் என்று தோன்றுகிறது.

பிணவறை_மேசை:
சுலபம் இல்லை. மரபணு ஒப்பிட இரண்டு பக்கம் வேண்டும். எலும்பு ஒரு பக்கம், சொந்தக்காரர் ரத்தம் இன்னொரு பக்கம். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டால்? இந்தக் கேள்வி முதலில் வந்தது செத்தவர்களுக்காக அல்ல, திருடப்பட்ட குழந்தைகளுக்காக. எஸ்மாவில் பிரசவமான பெண்களைக் கொன்றுவிட்டுக் குழந்தையை ராணுவக் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். பாட்டிமார் கேட்டது: எங்கள் மகளும் மருமகனும் இல்லை, எங்கள் ரத்தத்தை வைத்துப் பேரக்குழந்தை என்று நிரூபிக்க முடியுமா? அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளேர் கிங் முதலானவர்கள் அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தார்கள். தாய்வழியில் மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரியா மரபணு இங்கே கைகொடுத்தது. அம்மாவைப் பெற்ற பாட்டிக்கும் பேரனுக்கும் அது அப்படியே ஒன்று. 1987-ல் சட்டம் போட்டுத் தேசிய மரபணு வங்கி அமைத்தார்கள். பாட்டிகள் செத்தாலும் ரத்தம் இருக்கும். 130-க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் கிடைத்திருக்கிறார்கள்.

தப்புக்கு உதாரணம் வேண்டுமென்றால் சிலித் தலைநகர் சாண்டியாகோ பொதுக் கல்லறையின் 29-ம் பகுதி. 1991-ல் 108 குழிகளிலிருந்து 126 உடல். சில பெட்டியில் இரண்டு உடல் இருந்தது. மண்டை ஓட்டின் மேல் பழைய புகைப்படத்தை ஏற்றிப் பொருத்திப் பார்க்கும் முறை, உயரம், பல் எல்லாம் வைத்து 96 பேரை அடையாளம் கண்டு குடும்பங்களிடம் கொடுத்தார்கள். 2006-ல் மரபணு பார்த்தால் 48 தப்பு. பதினைந்து வருஷம் கும்பிட்ட கல்லறைக்குள் வேறு யாரோ. படப் பொருத்தம் 'இவர் இல்லை' என்று தள்ளப் பயன்படும். 'இவர்தான்' என்று சொல்ல அது போதாது. உயரமும் அப்படியே, தொடை எலும்பிலிருந்து கணக்கிட்டால் சில சென்டிமீட்டர் முன்னே பின்னே வரும், ஒரே வயது ஆண்கள் இருபது பேர் குழியில் இருந்தால் உயரம் எதையும் பிரிக்காது.

ஏலகிரி_மேகம்:
இலங்கையில் மன்னார் சதொச புதைகுழியில் இன்னொரு பாடம். 2018-ல் 300-க்கும் மேல் எலும்புக்கூடு. ஆறு மாதிரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பிக் கார்பன் கணக்குப் பார்த்ததில் 15 முதல் 17-ம் நூற்றாண்டு என்று வந்தது. கதை முடிந்தது என்று ஒரு கூட்டம், சதி என்று இன்னொரு கூட்டம்.

பிணவறை_மேசை:
ஆறு மாதிரி அந்த ஆறு பேரைப் பற்றிச் சொல்லும். முந்நூறு பேருக்கும் சேர்த்துப் பேசாது. ஒரே இடத்தை வெவ்வேறு காலத்தில் புதைக்கப் பயன்படுத்துவது சகஜம். எந்த மாதிரியை எந்த அடுக்கிலிருந்து எடுத்தோம் என்பதுதான் பதில். அதனால்தான் மண் அடுக்கு அடுக்காகக் குறிப்பு எழுதச் சொல்கிறோம். செம்மணியில் 1999-ல் 15 பேர். 2025-ல் அதே ஊர்ப் பக்கம் சித்துப்பாத்தியில் 200-க்கும் மேல். அங்கே புத்தகப் பை, பொம்மை, உடை எல்லாம் கூடவே வந்ததால் காலக் கேள்வி அவ்வளவு எழவில்லை. கூட வரும் பொருளை எலும்புக்குச் சமமாக மதிக்க வேண்டும்.

ஜவ்வாது_அடிவாரம்:
காட்டின உடல் பற்றிப் பேசினீர்கள். 2015 ஏப்ரல் 7, ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். எல்லாரும் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் பக்கத்து மரம் வெட்டும் கூலிகள். ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. கல்லும் கோடாரியும் கொண்டு தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது அதிரடிப்படை. பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள் என்று தப்பித்தவர்கள் மனித உரிமை ஆணையத்தில் சொன்னார்கள். ஆறு உடலுக்கு நீதிமன்ற உத்தரவில் இரண்டாவது பரிசோதனை நடந்தது. அந்த மாதிரி நேரத்தில் குடும்பம் உடனடியாக என்ன கேட்க வேண்டும் என்று யாராவது தெளிவாக எழுதுங்கள். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு அது ஒன்றும் தெரியாது, அதற்குள் எரித்துவிடுவார்கள்.

பிணவறை_மேசை:
எரிக்காதீர்கள், புதையுங்கள். முதல் வார்த்தை அதுதான். புதைத்ததைத் தோண்டலாம்.

உடுப்பைக் கழற்றுவதற்கு முன் முழு உடலுக்கும் எக்ஸ்ரே கேளுங்கள். உள்ளே நின்ற தோட்டா, உடைந்த விரல் எல்லாம் அதில் வரும். உடுப்பைத் துவைக்காமல் காயவைத்துத் தனிக் காகிதப் பையில் கட்டச் சொல்லுங்கள். கிட்டத்திலிருந்து சுட்டால் கருப்புப் படிவும் எரிந்த மருந்துத் துகள் புள்ளிகளும் துணியில்தான் முதலில் விழும். துணி போனால் 'எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டது' என்ற கேள்விக்குப் பதிலே போய்விடும். தற்காப்புக் கதை நிற்பதும் விழுவதும் அந்தத் தூரத்தில். கைகளைக் காகித உறையில் கட்டச் சொல்லுங்கள். மணிக்கட்டில் கட்டின தழும்பைப் படமெடுக்கச் சொல்லுங்கள்.

மண்டை ஓட்டில் குண்டு நுழைந்த துளை உள்பக்கம் அகன்றும், வெளியேறிய துளை வெளிப்பக்கம் அகன்றும் இருக்கும். புனல் எந்தப் பக்கம் விரிகிறதோ அந்தப் பக்கம் குண்டு போயிருக்கிறது. சதை போனாலும் எலும்பில் இது நிற்கும். 1985-ல் அர்ஜென்டினா ராணுவத் தளபதிகள் விசாரணையில் ஸ்னோ எலும்புப் படங்களைக் காட்டிப் பேசியதும் இந்த வகைச் சாட்சியம்தான். இரண்டாவது பரிசோதனையில் ஒரு சங்கடம்: முதலில் அறுத்தவர் மண்டையைத் திறந்து, உறுப்புகளை எடுத்திருப்பார். குண்டு போன தடம் பாதி அழிந்திருக்கும். அதனால் முதல் பரிசோதனையின் வீடியோ நகல் இல்லாமல் இரண்டாவது பரிசோதனை அரைக் கிணறுதான்.

கருப்பு_அங்கி:
சட்டப்படி: காவலில் மரணம் என்றால் ஆர்.டி.ஓ. விசாரணை போதாது, நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் (சிஆர்பிசி) 176(1ஏ), இப்போது அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். 196(2). மோதல் மரணத்துக்கு உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில் மக்கள் சிவில் உரிமைக் கழக வழக்கில் 16 வழிமுறை போட்டது. எஃப்.ஐ.ஆர். கட்டாயம். சுட்ட ஸ்டேஷன் விசாரிக்கக் கூடாது, சிஐடியோ வேறு ஸ்டேஷனோ விசாரிக்க வேண்டும். சம்பவத்தில் ஈடுபட்டவருக்கு உடனே பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கூடாது. மனித உரிமை ஆணையத்துக்கு 48 மணி நேரத்தில் தகவல் போக வேண்டும் என்பது ஆணையத்தின் 2010 விதி. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2020 டிசம்பரில் காவல் மரணப் பரிசோதனைக்கென்றே உத்தரவு போட்டிருக்கிறது: குடும்பத்தார் உடலை முன்கூட்டிப் பார்க்கலாம், வீடியோ எடுக்க வேண்டும், நீதிமன்றம் போகிறோம் என்று எழுதிக் கொடுத்தால் 48 மணி நேரம் உடலை வைத்திருக்க வேண்டும்.

எழுதிக் கொடுங்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். வாயால் சொன்னது எங்கேயும் இருக்காது. கூட வந்தவர் பேரில் ஒரு வெள்ளைத் தாளில் நேரம் போட்டு எழுதி, மருத்துவமனைத் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். அதற்கு வக்கீல்கூட வேண்டாம்.

தோல்ஷெட்_கெமிஸ்ட்:
சீல் போட மறுத்தால்?

கருப்பு_அங்கி:
ஸ்பீட் போஸ்ட்டில் அதே தாளை டீனுக்கும் நடுவருக்கும் அனுப்புங்கள். ரசீதில் நேரம் இருக்கும். பறப்புக் குறிப்பேடு மாதிரிதான் அதுவும்.

ஜவ்வாது_அடிவாரம்:
ரொம்ப நன்றி. இந்தக் கடைசி இரண்டு பதிவையும் பிரிண்ட் எடுத்து போளூரிலும் ஜமுனாமரத்தூரிலும் கொடுக்கலாமா?

பிணவறை_மேசை:
தாராளமாக. 'எரிக்காதீர்கள்' என்பதை மேலே, பெரிய எழுத்தில் போடுங்கள்.

காட்பாடி_ஜங்ஷன்:
எனக்கு இன்னும் ஒன்று. என்.என். என்பது மாதிரி நம்மூரில் அடையாளம் தெரியாத பிணத்துக்கு எந்தெந்த இடத்தில் எழுத்து இருக்கும்?

பாலாறு_ஆவணம்:
ஸ்டேஷனில் சந்தேக மரணக் கோப்பு, மருத்துவமனைப் பிணவறை வரவுப் பதிவேடு, பரிசோதனைப் பதிவேடு, மாநகராட்சி மயானப் பதிவேடு, பிறப்பு இறப்புப் பிரிவு. ஐந்தும் ஐந்து அலுவலகம், ஐந்து கையெழுத்து. முதலில் மயானப் பதிவேட்டைப் பாருங்கள். அங்கே எழுதுகிறவருக்கு எதையும் மறைக்கக் காரணம் இல்லை, குழிக்கூலிக் கணக்குக்காக எழுதியிருப்பார்.

பிணவறை_மேசை:
அர்ஜென்டினாவிலும் அப்படித்தான். போலீஸ் என்.என். பிணங்களுக்குக் கைரேகை எடுத்துக் கோப்பில் போட்டுவைத்திருந்தது, வழக்கமான நடைமுறை என்பதால். வருஷங்கள் கழித்து அந்த ரேகையை அடையாள அட்டை ரேகையோடு ஒப்பிட்டுப் பலர் பெயரைக் கண்டுபிடித்தார்கள். எலும்பைத் தொடவே தேவைப்படவில்லை.